கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வுரை: 45 நிமிடத்தை எப்படி அமைப்பது?

வெண்ணாறு
பிப்ரவரி 5

அனைவருக்கும் வணக்கம். நெல் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வளியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இது நான்காம் ஆண்டு. வயலில் எப்போதும் நீரை நிறுத்திவைப்பதற்கும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதற்கும் இடையே மீத்தேன் அளவில் என்ன வேறுபாடு என்பதே என் ஆய்வுப் பொருள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில், பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று, இதைப் பற்றி 45 நிமிடம் பேசுமாறு அழைத்திருக்கிறார்கள். இளங்கலை முதலாண்டு தொடங்கி முதுகலை வரை, தாவரவியல், விலங்கியல், வேதியியல் மாணவர்கள் ஏறத்தாழ 150 பேர் ஒரே அரங்கில் இருப்பார்களாம்.

என் தயக்கத்திற்குக் காரணம், சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியில் நான் பேசிக் கெடுத்த உரை. மாநாடு ஒன்றில் 12 நிமிடத்தில் சொன்னதையே விரித்து 52 ஸ்லைடுகள் ஆக்கி எடுத்துச் சென்றேன். முன்னுரை, முந்தைய ஆய்வுகள், நோக்கங்கள், செய்முறை, முடிவுகள் என்று ஆய்வேட்டின் வரிசையிலேயே பேசினேன். வளிகளைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃப் கருவியின் உள்ளமைப்பை விளக்கத் தொடங்கியபோது, இரண்டாம் வரிசையில் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்ததைப் பார்த்தேன். அதன்பின் அவர் அதைத் திறக்கவே இல்லை. எனக்கோ இன்னும் 30 ஸ்லைடுகளுக்கு மேல் இருந்தன. முடிவில் ‘ஐயம் ஏதேனும் உண்டா?’ என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் பதிலாக வந்தது. துறைத் தலைவர் இரக்கப்பட்டு ஒரு கேள்வி கேட்டார்.

இம்முறை எதை வைப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் சொல்வது, தமிழில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா, வரைபடங்களை எப்படிக் காட்டுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


அரசலாறு
பிப்ரவரி 5

தம்பி, அந்தப் பேனா மூடியதைக் கவனித்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பேசுகிறவர் பலர் திரையைத்தான் பார்க்கிறார்கள். எதிரே இருப்பவர்களைப் பார்ப்பதில்லை. நான் 34 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; அறிவியல் நாள் உரைகளை மேடையில் அமர்ந்தும் கேட்டிருக்கிறேன், கடைசி வரிசையில் நின்றும் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு உரைகள்போல இருக்கும்.

முதலில் நேரக் கணக்கு. அழைப்பிதழில் 45 நிமிடம் என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் கைக்கு வரப்போவது அரை மணிதான். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, உங்கள் தகுதிகளைத் தாளைப் பார்த்து வாசிக்கும் அறிமுகவுரை ஆகிய எல்லாம் முடிந்துதான் ஒலிவாங்கி உங்களிடம் வரும். மதிய உணவு மணி மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் தள்ளிப்போகாது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே 1820-களில் தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலை உரைகளில், மணி அடித்ததும் பேச்சாளர் முகமன் ஏதும் கூறாமல் நேரே பொருளுக்குள் நுழைவது மரபு. நம் ஊரில் அது மரியாதைக் குறைவாகத் தெரியும். எனவே வணக்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு இரண்டாம் வாக்கியத்தில் பொருளுக்கு வந்துவிடுங்கள். உரையை 28 நிமிடத்திற்கு அமையுங்கள். அதற்குள்ளும், நேரம் சுருங்கினால் எந்த இரண்டு பகுதிகளை எடுத்துவிடலாம் என்று முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்றுகொண்டு ஸ்லைடுகளை விரைந்து தள்ளி, ‘இதை விட்டுவிடலாம், இதையும் விட்டுவிடலாம்’ என்று சொல்வதைப்போல் கேட்பவரை அவமதிக்கும் செயல் வேறில்லை.

அடுத்தது வரிசை. ஆய்வேடு தேர்வாளருக்காக அடுக்கப்பட்டது. நாம் செய்தவை எல்லாம் முறைப்படிதான் நடந்தன என்று, ஐயப்படுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் மெய்ப்பிப்பது அதன் வேலை. மாணவர்களுக்கு அந்த ஐயம் இன்னும் பிறக்கவே இல்லை. உங்களுடைய கேள்வி என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே விடைகளை அடுக்குமுன் கேள்வியை அவர்களுடைய கேள்வியாக ஆக்க வேண்டும். அது ஒரே வரியில் இருக்க வேண்டும். தாவரவியல் முதலாண்டு மாணவி வீட்டுக்குப் போய்த் தன் தந்தையிடம் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ‘தேங்கிய நீரை வடியவிட்டால், வயலிலிருந்து வரும் வளி ஏன் குறைகிறது?’ என்று கரும்பலகையில் எழுதி, உரை முடியும்வரை அதை அழிக்காமல் வைத்திருப்பேன். பிறகு 52 ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வரிக்கு விடை சொல்ல இது தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். 12 மிஞ்சினால் அதிகம்.

தொடக்கத்திற்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. நாற்றங்காலிலோ நடவு வயலிலோ கால் வைத்தவர்கள் எல்லோரும், மிதித்த இடத்தில் சேற்றிலிருந்து குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த அரங்கில் பாதிப் பேருக்காவது அது சொந்த அனுபவமாக இருக்கும். அந்தக் குமிழியில் இருப்பது என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து நொடி பேசாமல் நில்லுங்கள். 1776-ஆம் ஆண்டு நவம்பரில் வோல்ட்டா, இத்தாலியின் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து, அந்த வளி எரிகிறது என்று கண்டார். மின்கலத்தால் நாம் அறிந்த அதே வோல்ட்டாதான். அவர் செய்த வேலையும் நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலில் குச்சியை விட்டுக் கிளறும் வேலையும் ஒன்றேதான். அவர் கையில் கூடுதலாக ஒரு புட்டி இருந்தது. நீங்களும் ஒரு புட்டியையும் புனலையும் கொண்டு போங்கள். இந்தப் பருவத்தில் வயல்கள் காய்ந்து உளுந்து தெளித்திருப்பார்கள். ஆகவே குளத்து ஓரச் சேற்றில் குமிழி பிடிப்பதை முன்கூட்டியே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வ மிகுதியில் அரங்கத்துக்குள் கொளுத்திக் காட்ட மட்டும் முயல வேண்டாம்.

நடுப்பகுதிதான் கடினம். மண்ணுக்குள் மீத்தேன் எப்படி உருவாகிறது என்பதை ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம், மில்லிவோல்ட் என்று தொடங்கினால் வேதியியல் மாணவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். இதை நான் வகுப்பில் பந்தியாகச் சொல்வது வழக்கம். நீர் நிறைந்ததும் மண்ணுக்குள் காற்று புகுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உள்ளே இருந்த ஆக்ஸிஜனை முதற்பந்தியில் அமர்ந்த நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அடுத்த பந்தி நைட்ரேட்டை எடுக்கிறது. பின்னர் மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகத் தீர்கின்றன. மற்றவை எல்லாம் தீர்ந்தபின் கடைசிப் பந்தியில் அமர்வனதாம் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் தனி வகை. விலங்கியல், தாவரவியல் மாணவர்களுக்கு இந்த ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். நீரை வடித்தால் மண் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. முதற்பந்திக்காரர்கள் திரும்ப வந்துவிடுகிறார்கள். ஒடுங்கிக் கிடந்த இரும்பும் மீண்டும் ஆக்ஸிஜனேற்றம் அடைவதால், மறுபடி நீர் கட்டிய பின்னும் கடைசிப் பந்திக்காரர்கள் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை காயவிட்டதன் பயன் நீர் வந்ததுமே போய்விடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். பந்தி உவமை முழுவதும் சரியன்று. மண்ணின் ஓரிடத்தில் முதற்பந்தி நடக்கும்போதே அடுத்த அங்குலத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்கும். அந்தக் குறையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். உவமை எங்கே உடைகிறது என்று காட்டுவது நல்ல பாடம்.

கருவியைப் பற்றி இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். குரோமட்டோகிராஃப் வேண்டாம், வெளியேறும் வளியைப் பிடிக்க வயலில் பயிரின்மேல் கவிழ்த்து வைக்கும் பெட்டியைக் கொண்டு போங்கள்.


வெட்டாறு
பிப்ரவரி 6

வணக்கம் அண்ணா. நான் முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன்; மேடையில் பேசிய அனுபவம் இல்லை, கேட்ட அனுபவம் நிறைய உண்டு. கேட்பவர்கள் பக்கத்திலிருந்து சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அரங்கத்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. பகல் 11 மணிக்கு நீலப் பின்னணியில் கறுப்பு எழுத்து யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்துகள் போதும். ஆய்வேட்டின் அட்டவணையை அப்படியே ஒட்டி, ‘இது உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும்’ என்று சொல்பவர்களைப் பார்த்தால், தெரியாது என்று தெரிந்தும் ஏன் போட்டார்கள் என்றுதான் தோன்றும்.

‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். 150 பேரும் தலையாட்டுவோம். அதற்குப் பதிலாக, முடிவைக் காட்டும் முன் எங்களை ஊகிக்கச் சொல்லுங்கள். ‘எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கு இந்தக் கோடு, காயவிட்ட வயலுக்குக் கோடு மேலே போகுமா, கீழே வருமா?’ என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னால், கை தூக்கியவர்கள் விடை வரும்வரை தூங்க மாட்டார்கள். தவறாகத் தூக்கியவர்கள் இன்னும் கவனமாகக் கேட்பார்கள்.

கேள்வி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு, எல்லோர் முன்னும் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசக் கூச்சம். ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்ற பயம் வேறு. உரை தொடங்கும் முன்பே ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, தோன்றும்போதே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் ஒருமுறை அப்படிச் செய்தபோது 40 தாள்களுக்கு மேல் வந்தன.

இன்னொன்று. வெற்றி பெற்ற முடிவுகளை மட்டுமே சொல்லும் உரைகளைக் கேட்டால், ஆய்வு என்பது வேறு யாரோ செய்யும் வேலை என்று தோன்றிவிடுகிறது. நீங்கள் காலை எத்தனை மணிக்கு வயலுக்குப் போவீர்கள், எது கெட்டுப்போனது, எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அண்ணா.


பாமணியாறு
பிப்ரவரி 6

மேலே இருவர் சொன்னவற்றிலும் எனக்கு உடன்பாடே. ஆனால் பேசப்போகும் இடம் மன்னார்குடிப் பக்கம் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வேளாண் விரிவாக்கப் பணியில் இதே வட்டாரத்தில் பல ஆண்டுகளாக அலைபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே ‘மீத்தேன்’ என்பது வேதியியல் சொல் மட்டும் அன்று. நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் நடந்ததும், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தம் இறுதிக் காலத்தில் அதற்காக நடையாய் நடந்ததும், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் இந்த மாணவர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த செய்திகள். நீங்கள் தலைப்பைத் திரையில் போட்ட நொடியிலேயே பாதி அரங்கம் ‘இவர் எந்தப் பக்கம்?’ என்று யோசிக்கத் தொடங்கிவிடும். அந்த யோசனை தீராதவரை நுண்ணுயிர்ப் பந்தி யார் காதிலும் ஏறாது. எனவே தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்: அது பூமிக்கு அடியில் மிக ஆழத்தில், நிலக்கரிப் படுகையில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அடைபட்டது, நான் பேசப்போவது இந்தப் போகத்தில், முழங்கால் ஆழச் சேற்றில் உருவாகி, நெற்பயிரின் வழியாகவே வெளியேறுவது.

அந்தப் ‘பயிரின் வழியாக’ என்பதை விட்டுவிடாதீர்கள். வேருக்குக் காற்று கொண்டுபோகத் தண்டுக்குள் இருக்கும் காற்றறைத் திசுவே மீத்தேன் மேலே வரும் பாதையாகவும் இருக்கிறது. குமிழியாக வருவதைவிட இப்படி வருவதே பெரும்பகுதி. வைக்கோலை ஒடித்துப் பார்த்தவர்களுக்குத் தண்டுக்குள் வெற்றிடம் இருப்பது தெரியும். தாவரவியல் மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியது வேரையும் இலையுறையையும்.

இரண்டாவது, இதைவிட நுட்பமானது. அங்கிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் நெல் விவசாயிகள். ‘உலகம் சூடாவதற்கு நெல் வயல் காரணம்’ என்று நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால், ‘என் அப்பா காரணம்’ என்று அது காதில் விழும். அளவு சொல்லுங்கள், ஆனால் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, ஆனால் காற்றில் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்குகிறது. ஆகவே இன்று குறைத்தால் பலன் விரைவில் தெரியும் என்று சொன்னால் அது பழியாகத் தோன்றாது.

மூன்றாவது, உங்கள் ஆய்வின் எல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற பேச்சு உழவர்களுடையது. புதிதாகக் கற்பிப்பதுபோல் பேச வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி நீர் கட்டுங்கள் என்று நாங்களும் சொல்கிறோம். ஆனால் மேட்டூரில் நீர் திறந்து, அது கல்லணை வந்து, கிளையாறுகளில் பிரிந்து, முறை வைத்துக் கடைமடைக்கு வரும்போது, குழாயைப் பார்த்து நீர் கட்டும் வசதி இங்கே எத்தனை பேருக்கு உண்டு? முறை வரும்போது கட்டிவைத்துக்கொள்வதுதான் விவசாயியின் அறிவு. மோட்டார் உள்ளவர் குறுவையில் செய்யலாம். சம்பா, தாளடியில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது, வடியவைக்கவே வழியின்றித் தத்தளிப்போம். உங்கள் முடிவு எந்தப் போகத்தில், எந்த வகை நீர்வசதியில் எடுத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், முதற்கேள்வியே அதுவாகத்தான் வரும். மாணவர்கள் கேட்காவிட்டாலும் அவர்கள் வீட்டில் கேட்பார்கள்.


வெண்ணாறு
பிப்ரவரி 9

மூவருக்கும் நன்றி. பாமணியாறு ஐயா சொன்ன பிறகுதான், நான் தலைப்பிலேயே சறுக்கியிருப்பேன் என்று புரிந்தது. ஆங்கிலத்தில் 19 சொற்கள் கொண்ட தலைப்பை எடுத்துவிட்டு, ‘சேற்றுக் குமிழியில் என்ன இருக்கிறது?’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். 52 ஸ்லைடுகளில் 14 நிற்கின்றன.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வயலைக் காயவிடும்போது மீத்தேன் குறைந்தாலும் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடுகிறது. அது கரியமில வாயுவைப்போல 270 மடங்கு அளவுக்கு வலுவானது. எங்கள் வயலிலும் யூரியா இட்ட அடுத்த நாட்களில் காயவிட்டபோது அது எகிறியது. இதைச் சொன்னால் உரையின் நேர்க்கோடு குலையும். சொல்லாவிட்டால் மனம் உறுத்துகிறது. அடுத்து, முடிவைச் சொல்லும்போது எந்த எண்ணைச் சொல்வது? இரண்டு ஆண்டுகளின் எண்களும் ஒத்துப்போகவில்லை.


அரசலாறு
பிப்ரவரி 9

நைட்ரஸ் ஆக்ஸைடைக் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் மீத்தேன் கதை முடிந்து, மாணவர்கள் ‘அப்படியானால் எல்லோரும் காயவிட வேண்டியதுதானே’ என்று எண்ணும் அந்தக் கட்டத்தில் சொல்லுங்கள். அங்கே அது குறுக்கீடாக இராது. கதையின் அடுத்த திருப்பமாக இருக்கும். மூன்று நிமிடம் போதும். பந்தியில் இரண்டாவதாக அமர்ந்தவர்கள் நைட்ரேட்டை எடுத்தார்களே, அவர்கள் வேலையைப் பாதியில் விட்டால் எஞ்சுவது இது என்று சொன்னால், முன்பு கட்டிய உவமையே சுமந்துகொள்ளும்.

எண்ணைப் பொறுத்தவரை, இரண்டு ஆண்டும் ஒத்துப்போகவில்லை என்பதையே காட்டுங்கள். இரண்டு ஆண்டுக்கும் இரண்டு பட்டைகள். பக்கத்தில் ஒப்பிட ஒரே ஒரு வெளி எண் போதும்: காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் (ஐபிசிசி) 2006 வழிகாட்டியில், எப்போதும் நீர் நிற்கும் வயலை 1 என்று கொண்டால், ஒருமுறைக்கு மேல் காயவிட்ட வயலுக்கு 0.52 என்ற பெருக்கெண் இருக்கிறது. உங்கள் எண்கள் அதற்கு மேலா கீழா, ஏன் என்பதை மாணவர்களே பேசட்டும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களை உங்கள் சொந்த அளவுக்குத் தராதீர்கள். நம் வயல்வெளி அளவீட்டில் அவ்வளவு துல்லியம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வரைபடத்தைக் கையால் வரையுங்கள். பெட்டியை மூடியதும் முதற்புள்ளி: வெளிக்காற்றில் இருக்கும் மீத்தேன் அளவு, அதாவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கு. 10 நிமிடத்தில் ஒரு புள்ளி, 20-இல் ஒன்று, 30-இல் ஒன்று. நான்கு புள்ளிகளையும் சுண்ணக்கட்டியால் வைத்துக் கோடு இழுத்து, ‘இந்தக் கோட்டின் சரிவுதான் என் ஆய்வு முழுவதும்’ என்று சொல்லுங்கள். பள்ளியில் படித்த நேர்க்கோட்டுச் சமன்பாடு எதற்குப் பயன்படுகிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும்.

மொழியைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. தமிழில் பேசுங்கள், துறைச்சொல் வரும்போது ஆங்கிலச் சொல்லையும் பலகையில் எழுதுங்கள், ஏனெனில் அவர்கள் தேர்வு எழுதுவது அதில். எல்லாவற்றையும் தூய தமிழாக்கிக் குரோமட்டோகிராஃபை ‘நிறவரைவி’ என்றால் முதுகலை மாணவரே திகைப்பார். இந்த அறிவியல் நாளுக்குரிய சி.வி. ராமனே திருச்சியில் பிறந்தவர்தாம். 1968-இல், 80 வயதில், அகமதாபாத்தில் மாணவர்களிடையே ‘வானம் ஏன் நீலமாக இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பேசினார். கேள்வி எளிய மொழியில் இருந்தால் விடை எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம்.

பாமணியாறு அவர்களுக்கு ஒரு சிறு மறுப்பு. மீத்தேன் திட்டத்தைப் பிரித்துச் சொல்வது தேவைதான். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த உரை அதைப் பற்றியதாகவே ஆகிவிடும்.


குடமுருட்டி
பிப்ரவரி 10

எல்லாரும் பெரிய செய்திகளைச் சொல்லிவிட்டதால் நான் சில்லறையைச் சொல்கிறேன். ஸ்லைடுகளைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால், கல்லூரிக் கணினியில் அது இல்லாமல் ‘jkpo;’ போன்ற எழுத்துக்குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவைத் தனிக் கோப்பாக வையுங்கள். மின்சாரம் போனால் எப்படிப் பேசுவீர்கள் என்று ஒருமுறை வெறும் சுண்ணக்கட்டியுடன் வீட்டில் பேசிப் பாருங்கள். அறிவியல் தெரியாத ஒருவரை எதிரே உட்காரவையுங்கள். கடிகாரத்தை அவர் கையில் கொடுங்கள், உங்கள் கையில் வேண்டாம்.


வெண்ணாறு
மார்ச் 2

நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. விழா 35 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. என் கைக்கு வந்தது 27 நிமிடம். அம்மாவை உட்காரவைத்து மூன்று முறை பேசிப் பார்த்திருந்ததால் பதறவில்லை. நைட்ரஸ் ஆக்ஸைடை இரண்டு நிமிடமாகச் சுருக்கினேன். கருவி பற்றிய இரண்டு ஸ்லைடுகளை, அவை இருந்ததே யாருக்கும் தெரியாமல், முன்பே எடுத்துவிட்டேன்.

சேற்றை மிதித்தால் குமிழி வருவதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது, பாதி என்று அரசலாறு ஐயா சொன்னார்; முக்கால்வாசிக்கு மேல் தூக்கினார்கள். மீத்தேன் திட்டம் வேறு, இது வேறு என்று நான் சொன்னதும் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவரை முன்னால் குனிந்தே இருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்து, 12 வோல்ட் பேட்டரியில் உள்ளே சுழலும் சிறு விசிறியைக் காட்டியபோது, கடைசி வரிசை எழுந்து நின்றது. ஊகிக்கச் சொன்னபோது பெரும்பாலோர் சரியாகவே தூக்கினார்கள். அங்கே என் எதிர்பார்ப்புத்தான் தவறிற்று. நான்கு புள்ளிகளை வரைந்ததும் முதலாண்டு மாணவர் ஒருவர், நான் கேட்காமலே, ‘மூன்றாவது புள்ளி கோட்டில் இல்லையே’ என்றார். அன்று வயலில் சிரிஞ்சின் வால்வு சரியாக மூடவில்லை என்பதைச் சொன்னேன். அந்த இடத்தில்தான் அரங்கம் முதன்முறையாகச் சிரித்தது.

துண்டுத் தாள்கள் 31 வந்தன. கடைமடைக்கு இது பொருந்துமா என்று ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர். நேரமின்றி நான்குக்கு மட்டுமே விடை சொன்னேன்; மற்றவற்றுக்கு எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஒரு தாளில், பென்சிலில், இப்படி இருந்தது: ‘பெட்டியை வைக்க நீங்கள் வயலுக்குள் நடந்து போவீர்கள். மிதித்தால் குமிழி வரும் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் நீங்கள் அளப்பது வயல் விட்ட வளியா, உங்கள் கால் கிளப்பிய வளியா?’

இதற்காகத்தான் வயலுக்குள் பலகைப்பாலம் போட்டு, பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தை முன்கூட்டியே மண்ணில் பதித்துவைக்கிறோம். அந்தப் பலகை என் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உரையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் கும்பகோணத்தில் இதே உரை. பெட்டியைக் காட்டுவதற்கு முன்னால் பலகையின் படத்தைச் சேர்த்திருக்கிறேன். ஸ்லைடுகள் இப்போது 13.